மெக்னீசியக் கலவையில் படிகமணி அளவும் உருமாற்றமும்: தண்டை வெட்டுவது முதல் வளைகோட்டைப் படிப்பது வரை

மெக்னீசியக் கலவையின் படிகமணி, அதாவது ஆய்வகத்தில் நாம் கிரெயின் என்று சொல்வது, சிறிதாகச் சிறிதாக வலிமை கூடும் என்பது பாடநூலைத் திறந்த எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு தண்டிலிருந்து வெட்டிய துண்டுகளை அழுத்தி அளந்து காட்டச் சொன்னால், முதல் ஆண்டு மாணவர்களில் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் ஆய்வகத்துக்கு வருபவர்களிடம் நான் கண்டவரை, தடுமாற்றம் கணக்கில் இல்லை. வேலைகளைச் செய்யும் வரிசையில்தான் இருக்கிறது.

இங்கே எடுத்துக்கொள்வது ஏஇசட்-31 கலவை. அதில் அலுமினியம் ஏறத்தாழ 3 விழுக்காடும், துத்தநாகம் ஏறத்தாழ 1 விழுக்காடும், சிறிதளவு மாங்கனீசும் இருக்கும், மீதி மெக்னீசியம். பிதுக்கி எடுத்த தண்டாக இது கிடைக்கும். ஏஇசட்-91 போன்ற அலுமினியம் மிகுந்த கலவையைத் தொடக்கத்தில் எடுக்க வேண்டாம். சூடாக்கும்போது அதில் வீழ்படிவுகளின், அதாவது கலவைக்குள் பிரிந்து நிற்கும் நுண்துகள்களின், அளவும் மாறிவிடும் என்பதால், வலிமை மாறியதற்குக் காரணம் படிகமணியா வீழ்படிவா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

1. அழுத்தும் திசையை முதலில் தீர்மானியுங்கள்

மெக்னீசியத்தின் அணுக்கள் அறுகோண அமைப்பில் அடுக்கப்பட்டவை. அறை வெப்பநிலையில் அதில் எளிதாக நடப்பது, அறுகோணத்தின் அடித்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் அடித்தள வழுக்கல் ஒன்றுதான். ஒரு படிகமணி எந்த வடிவ மாற்றத்தையும் ஏற்க வேண்டுமானால், ஒன்றையொன்று சாராத ஐந்து வழுக்கல் முறைகள் தேவை. அடித்தள வழுக்கல் இரண்டை மட்டுமே தருகிறது. அறுகோணத்தின் நெட்டச்சு நீளவோ குறுகவோ அது சிறிதும் உதவுவதில்லை.

அந்தக் குறையை ட்வின் என்னும் இரட்டைப் படிகம் ஈடு செய்கிறது. படிகமணிக்குள் ஒரு பட்டை ஏறத்தாழ 86 டிகிரி திரும்பிக்கொள்கிறது. நெட்டச்சு நீள வேண்டிய நிலையில் இது எளிதாக உருவாகும். குறுக வேண்டிய நிலையில் உருவாகாது. வழுக்கலைப் போல இருபுறமும் செல்லாமல் ஒரே புறம் திறக்கும் கதவு போன்றது இது. மெக்னீசியத்தின் விசித்திரங்களில் பாதி இந்த ஒரு செய்தியிலிருந்து வருகிறது.

பிதுக்கிய தண்டில் பெரும்பாலான மணிகளின் நெட்டச்சு, தண்டின் நீளத்துக்குச் செங்குத்தாக இருக்கும். இந்தத் திசைப்போக்கைத்தான் டெக்ஸ்சர் என்கிறோம். நீளவாட்டில் அழுத்தினால் குறுக்குவாட்டில் நெட்டச்சு நீள வேண்டும், ஆகவே ட்வின்கள் பெருகும். அதே நீளவாட்டில் இழுத்தால் நெட்டச்சு குறுக வேண்டும், ஆகவே ட்வின் கிட்டத்தட்ட இல்லாமல் வேறு தள வழுக்கல் நடக்கும். ஒரே தண்டு, ஒரே மணி அளவு. ஆனால் அமுக்கத்தில் நிரந்தர உருமாற்றம் தொடங்கும் தகைவு (ஓரலகுப் பரப்பின்மேல் விழும் விசை), இழுவையில் உள்ளதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைவாக இருக்கும்.

எனவே தண்டு கைக்கு வந்தவுடன், அதை வெட்டுவதற்கு முன்பே, நீளவாட்டில் ஒரு கோடு கீறி அம்புக்குறி இடுங்கள். வெட்டும் ஒவ்வொரு துண்டிலும் அந்தக் குறி இருக்க வேண்டும். கனசதுரமாக வெட்டிய எட்டுத் துண்டுகளைக் குறியிடாமல் ஒரே பையில் போட்டு வந்த ஒரு மாணவர், எது எந்தத் திசை என்று தெரியாமல் எட்டையும் கைவிட நேர்ந்தது. இந்த வழிகாட்டியில் நாம் தண்டின் நீளவாட்டில் அழுத்துகிறோம். மணி அளவின் விளைவு மிகத் தெளிவாகத் தெரிவது அங்கேதான்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நம்பத்தக்க வெப்பநிலைக் கட்டுப்பாடுள்ள உலை, ஆர்கான் வாயு, துண்டோடு ஒட்டி வைக்கும் வெப்ப இணை, துருப்பிடிக்காத எஃகுத் தகடு, குளிர்முறையில் இறுகும் ரெசின், ஆய்வகத் தர எத்தனால், வைரப் பசை, குறைந்தது 20 கிலோநியூட்டன் தாங்கும் சோதனைப் பொறி ஆகியவை தேவை.

எத்தனால் பற்றி ஒரு சொல். இங்கே கடைகளில் ஊதா நிறத்தில் கிடைக்கும் மெதிலேட்டட் ஸ்பிரிட்டை எடுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. அதில் சேர்த்திருக்கும் சாயம் மெருகேற்றிய பரப்பில் கறையாகத் தங்கும். மலிவு என்று அதை வாங்கினால் ஒரு வார வேலை வீணாகும்.

தீ பற்றிய ஏற்பாடு எல்லாவற்றுக்கும் முந்தையது. மெக்னீசியத் துண்டு எளிதில் பற்றாது. ஆனால் சீவலும் தூளும் பற்றும். பற்றிய மெக்னீசியத்தின் மேல் நீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பி நிலைமை மோசமாகும். கார்பன் டைஆக்சைடு அணைப்பானும் உதவாது, ஏனெனில் மெக்னீசியம் அந்த வாயுவிலும் எரியும். உலர்ந்த மணல் ஒரு வாளியும், உலோகத் தீக்கான டி வகை அணைப்புத் தூளும் உலைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். உருகிய நைட்ரேட் உப்பு உலையில் மெக்னீசியத்தை ஒருபோதும் இறக்கக் கூடாது; வெடிக்கும்.

3. துண்டுகளை வெட்டுதல்

விட்டம் 8 மி.மீ., உயரம் 12 மி.மீ. உள்ள உருளைகள் போதும். உயரம் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் துண்டு வளைந்து சரியாது. முனைகளின் உராய்வும் நடுப்பகுதியை அதிகம் பாதிக்காது. இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பது, விட்டம் நூற்றில் ஒரு மி.மீ. பிசகாமல் இருப்பதைவிட முக்கியம்.

மெதுவாக, கூர்மையான கருவியால் வெட்டுங்கள். மழுங்கிய கருவி பரப்பை அமுக்கும். அமுக்கினால் ட்வின் உண்டாகும். வெட்டிய பிறகுதான் சூடாக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். சூட்டில் அந்தச் சேதம் நீங்கிவிடும். சிறிய மணி வேண்டும் என்று சூடாக்காமல் விடும் துண்டுகளுக்கும் 260 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் கொடுத்து உள்தகைவை நீக்கிவிட்டு, மணி வளரவில்லை என்பதை நுண்ணோக்கியில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

4. காய்ச்சி ஆற்றி மணியை வளர்த்தல்

மணியைச் சிறிதாக்குவது கடினம், பெரிதாக்குவது எளிது. ஆகவே நுண்மணி கொண்ட தண்டில் தொடங்கி, வெவ்வேறு வெப்பநிலையில் வெவ்வேறு நேரம் வைத்து வளர்ப்பதே வழி. 300 முதல் 450 டிகிரி வரை நான்கைந்து நிலைகள் போதும். ஒவ்வொரு தண்டும் ஒவ்வொரு விதமாக வளரும் என்பதால், வேறொருவருடைய நேர அட்டவணையை அப்படியே எடுக்காமல், சோதனைக்குத் தேவையற்ற சிறு துண்டுகளை முதலில் அனுப்பிப் பாருங்கள்.

அளவுகளைத் தேர்ந்தெடுக்கும்போது 5, 10, 15, 20 மைக்ரான் என்று சம இடைவெளியில் தேட வேண்டாம். பின்னால் நாம் வரையப்போவது அளவின் வர்க்கமூலத்தின் தலைகீழை வைத்து. 4 மைக்ரானுக்கு அது 0.5, 16-க்கு 0.25, 64-க்கு 0.125. கோட்டில் புள்ளிகள் பரவலாக அமைய வேண்டுமானால் சிறிய அளவுகள் அதிகமாகவும் பெரியவை குறைவாகவும் வேண்டும்.

காற்றுப் படாமல் இருக்கத் துண்டைச் சுற்ற வேண்டும் என்று சொன்னதும், வார இறுதி பிராய்க்கு, அதாவது தீயில் இறைச்சி வாட்டும் விருந்துக்கு, வாங்கி வைத்திருந்த அலுமினியத் தாளை ஒருவர் கொண்டுவந்து சுற்றினார். 450 டிகிரியில் உலையைத் திறந்தபோது, தாள் இருந்த இடத்தில் துண்டின் மேல் பளபளப்பான சொட்டுகள் உறைந்திருந்தன. துண்டின் விளிம்பு கரைந்து உட்குழிந்திருந்தது. மெக்னீசியம் 650 டிகிரியிலும் அலுமினியம் 660 டிகிரியிலும் உருகுபவை என்று அவர் கணக்கிட்டிருந்தார். இரண்டும் தொட்டுக்கொண்டால் மெக்னீசியப் பக்கத்தில் 437 டிகிரியிலேயே உருகும் கலவை உண்டாகும் என்பதை மறந்துவிட்டார். துருப்பிடிக்காத எஃகுத் தாளில் சுற்றி ஆர்கானில் வையுங்கள்.

லோட் ஷெடிங் கடுமையாக இருந்த ஆண்டுகளில் எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. எட்டு மணி நேரச் சூட்டின் நடுவே இரண்டு மணி நேரம் மின்சாரம் போய் வந்திருக்கும். உலையின் கடிகாரமோ ஒன்றும் நடக்காததுபோல எட்டு மணி நேரம் என்றே காட்டும். மின்கலத்தில் இயங்கும் பதிவுக்கருவியை வெப்ப இணையோடு சேர்த்துத் துண்டின் பக்கத்தில் வைத்தால், துண்டு உண்மையில் என்ன சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்பது பதிவாகும். மின்வெட்டு குறைந்த பிறகும் இதை நாங்கள் விடவில்லை.

எல்லாத் துண்டுகளையும் ஒரே முறையில் குளிர்விக்க வேண்டும். சிலவற்றை நீரிலும் சிலவற்றைக் காற்றிலும் குளிர்வித்தால், ஒப்பிட முடியாத இன்னொரு வேறுபாட்டை நாமே சேர்த்துவிடுகிறோம்.

5. மெருகேற்றலும் அரித்தலும்

பொறுமை அதிகம் தேவைப்படும் பகுதி இது. மெக்னீசியம் மென்மையானது, நீரோடு வினைபுரிவது, விரல் அழுத்தத்துக்கே ட்வின் உண்டாக்குவது. மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு அடியும் எடுக்க வேண்டும்.

சூடாக்கி அழுத்தி இறுக்கும் ரெசின் வேண்டாம். அந்த அழுத்தமே ட்வினை உருவாக்கிவிடும். குளிர்முறை ரெசினில் பதித்து, 320-லிருந்து 1200 வரையிலான சிலிக்கான் கார்பைடு தாளில் இலேசாகத் தேயுங்கள். ஒவ்வொரு தாளிலும் முந்தைய தாளின் கீறல்கள் மறைந்த பிறகும் இன்னும் சிறிது நேரம் தொடருங்கள், ஏனெனில் கீறலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத சேத அடுக்கு இருக்கும். அடுத்து 3 மைக்ரான், 1 மைக்ரான் வைரப் பசை. நீர் கலந்த மசகு வேண்டாம். கடைசியில் எத்தனாலில் கழுவிக் குளிர்காற்றில் உலர்த்துங்கள்.

அரிப்பதற்கு வழக்கமான கலவை: பிக்ரிக் அமிலம் 4.2 கிராம், அசெட்டிக் அமிலம் 10 மி.லி., நீர் 10 மி.லி., எத்தனால் 70 மி.லி. சில விநாடிகளிலேயே பரப்பின் பளபளப்பு மங்கிப் பழுப்பேறும். உடனே எடுத்து எத்தனாலில் கழுவ வேண்டும். பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கக்கூடியது. புட்டியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்காமல் மூடியைத் திருகாதீர்கள். மூடி ஓரத்தில் மஞ்சள் பொருக்கு தெரிந்தால் தொடாமல் பாதுகாப்பு அலுவலரை அழையுங்கள்.

சனவரி, பிப்ரவரி மாதங்களில் டர்பனின் கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வரும். மாலையில் கண்ணாடிபோல் மெருகேற்றி மேசையில் விட்ட துண்டு காலையில் சாம்பல் பூத்திருக்கும். யாராவது விரல் வைத்திருந்தால் ரேகைகூடத் தெரியும். மெருகேற்றிய அன்றே அரித்து அன்றே படம் எடுங்கள். முடியாவிட்டால் உலர்பொருள் போட்ட பெட்டியில் வையுங்கள்.

சூடாக்கி ஆற்றிய, அழுத்தாத துண்டில் ட்வின்கள் நிறையத் தெரிந்தால் அது பெரும்பாலும் உங்கள் கைவேலை. அதை உலோகத்தின் குணம் என்று குறித்துக்கொள்ளாமல், திரும்ப 800 தாளிலிருந்து தொடங்குங்கள்.

6. மணி அளவை அளத்தல்

படத்தின் மேல் நேர்கோடுகள் இழுத்து, அவை மணி எல்லைகளை எத்தனை இடத்தில் வெட்டுகின்றன என்று எண்ண வேண்டும். ஏஎஸ்டிஎம் இ112 தரம் சொல்லும் வெட்டுக்கோட்டு முறை இதுதான். மொத்தக் கோட்டு நீளம் 5000 மைக்ரான், வெட்டுகள் 400 என்றால் சராசரி வெட்டு நீளம் 12.5 மைக்ரான். இதை 1.74-ஆல் பெருக்கினால் முப்பரிமாண மணி அளவாகச் சுமார் 21.8 மைக்ரான் கிடைக்கும்.

இந்த இரண்டு எண்களில் எதை அளவு என்று சொல்கிறீர்கள் என்பதை எழுதியே ஆக வேண்டும். சிலர் வெட்டு நீளத்தையும், சிலர் பெருக்கிய அளவையும் வெளியிடுகிறார்கள். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டால், பின்னால் வரும் சாய்வில் 1.74-இன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது 32 விழுக்காடு வேறுபாடு, உலோகத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே வந்துவிடும்.

ட்வின் எல்லைகளை எண்ணாதீர்கள். வில்லைபோல் நடு தடித்து முனை கூர்ந்து, ஒரே மணிக்குள் இணையாக நிற்பவை ட்வின்கள். கணினி நிரலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அது எண்ணித் தந்ததை ஒருமுறையாவது கண்ணால் சரிபாருங்கள்.

சராசரி மட்டும் போதாது. ஏஇசட்-31 தண்டில் பெருமணிகளின் நடுவே நுண்மணிக் கூட்டங்கள் சங்கிலிபோல் ஓடுவது வழக்கம். பெரிய மணிகள் முதலில் இடம் கொடுக்கும். சராசரி அதைச் சொல்லாது. அளவுகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

7. அமுக்கச் சோதனை

திரிபு என்பது உயரம் மாறிய அளவை முதல் உயரத்தால் வகுத்தது. அதன் வீதம் விநாடிக்கு 0.001 என்றால், 12 மி.மீ. உயரத்துக்குப் பொறியின் வேகம் விநாடிக்கு 0.012 மி.மீ., நிமிடத்துக்கு 0.72 மி.மீ. முனைகளில் மாலிப்டினம் டைசல்பைடு மசகு பூசுங்கள். 8 மி.மீ. விட்டத்தின் பரப்பு 50.3 சதுர மி.மீ.; 350 மெகாபாஸ்கலுக்கு 17.6 கிலோநியூட்டன் தேவைப்படும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது திரிபை அளப்பதில். பொறியின் தலை நகர்ந்த தூரத்தைத் துண்டு சுருங்கிய தூரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 80 மெகாபாஸ்கலில், யங் குணகம் (மீள்தன்மை விறைப்பின் அளவு) 45 ஜிகாபாஸ்கல் உள்ள 12 மி.மீ. துண்டு மீள்தன்மையால் சுருங்குவது வெறும் 0.021 மி.மீ. மி.மீ.க்கு 50 கிலோநியூட்டன் விறைப்புள்ள பொறி அதே 4 கிலோநியூட்டன் சுமையில் 0.08 மி.மீ. நெகிழும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் மெக்னீசியத்தின் குணகம் 9.5 ஜிகாபாஸ்கல் என்று வரும்! வரைபடத்தின் தொடக்கச் சாய்வைப் பார்த்தவுடன் இந்தத் தவறு தெரிந்துவிடும். திரிபுமானியைத் துண்டின் மேலேயே பொருத்துங்கள். முடியாவிட்டால் துண்டில்லாமல் பொறியை மட்டும் அழுத்தி, அதன் நெகிழ்வைக் கழித்துவிடுங்கள்.

ஒவ்வொரு மணி அளவுக்கும் குறைந்தது மூன்று துண்டுகள் அழுத்துங்கள்.

8. வளைகோட்டைப் படித்தல்

பெருமணித் துண்டின் வளைகோடு சாய்ந்து கிடக்கும் எஸ் எழுத்துபோல் இருக்கும். குறைந்த தகைவிலேயே உருமாற்றம் தொடங்கி, கோடு கிட்டத்தட்டப் படுத்துக்கொள்ளும். பிறகு மேல்நோக்கிக் குழிந்து செங்குத்தாக ஏறும். உச்சியைத் தொட்டதும் துண்டு ஏறத்தாழ 45 டிகிரியில் பிளந்து நிற்கும். படுத்திருக்கும் பகுதியில் ட்வின்கள் மணிகளைத் தின்றுகொண்டிருக்கின்றன. ட்வின் தரக்கூடிய திரிபு நெட்டச்சு வழியே சுமார் 6.5 விழுக்காட்டோடு முடிந்துவிடும். அதற்குள் மணிகளில் பெரும்பகுதி 86 டிகிரி திரும்பி, நெட்டச்சு அழுத்தும் திசைக்கே வந்திருக்கும். இனி வழுக்குவதற்கு எளிய தளம் இல்லை. ஆகவேதான் கோடு செங்குத்தாக ஏறுகிறது.

மணி சிறிதாகச் சிறிதாக இரண்டு மாற்றங்களைக் காண்பீர்கள். உருமாற்றம் தொடங்கும் தகைவு உயரும். தொடக்கத்தில் கோடு மெல்ல வளைந்து செல்வதற்குப் பதிலாக, தெளிவான ஒரு முனையும் அதையடுத்துத் தட்டையான படியும் தோன்றும். ஒரு மணியில் பிறந்த ட்வின் பக்கத்து மணியில் இன்னொன்றைத் தூண்டி, பட்டைபட்டையாகப் பரவுவதன் அடையாளம் அது.

மிக நுண்ணிய மணியில், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ ஓரிரு மைக்ரானும் அதற்குக் கீழும் செல்லும்போது, எஸ் வடிவமே மறையத் தொடங்கும். ட்வின் உண்டாகத் தேவையான தகைவு மணி சிறுக்கும்போது வழுக்கலுக்குத் தேவையானதைவிட வேகமாக உயர்கிறது. ஓர் எல்லைக்குப் பிறகு வழுக்கல் முந்திக்கொள்கிறது. எல்லைகளுக்கு அருகே அண்டை மணிகள் இழுத்துப் பிடிப்பதால் அடித்தளம் அல்லாத தளங்களும் வழுக்கத் தொடங்குகின்றன. நுண்மணியில் கிட்டத்தட்ட எல்லா இடமும் எல்லைக்கு அருகுதான். அமுக்கத்துக்கும் இழுவைக்கும் இடையிலான வேறுபாடும் அப்போது சுருங்கும். 150 டிகிரி போன்ற வெப்பநிலையில் சோதித்தால் இதே மாற்றம் இன்னும் பெரிய மணியிலேயே தென்படும், ஏனெனில் சூடு அடித்தளம் அல்லாத வழுக்கலை எளிதாக்குகிறது, ட்வினை அவ்வளவாகத் தொடுவதில்லை.

கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாதபோது, மெய்த்தகைவை மெய்த்திரிபால் (அந்தந்தக் கணத்தின் பரப்பையும் உயரத்தையும் கொண்டு கணக்கிட்டவை) வகையிட்டு இறுகும் வீதத்தை வரையுங்கள். திரிபு கூடக் கூட அந்த வீதம் தொடர்ந்து இறங்கினால் வழுக்கல். இறங்கி, பின் எழுந்து, மீண்டும் இறங்கினால் ட்வின். அந்த மேட்டின் உயரம் மணி அளவோடு எப்படி மாறுகிறது என்பதே நான் முதலில் பார்க்கும் படம்.

9. ஹால்-பெட்ச் கோடு

0.2 விழுக்காடு நிரந்தரத் திரிபு உண்டாகும் தகைவை மணி அளவின் வர்க்கமூலத் தலைகீழுக்கு எதிரே குறித்து நேர்கோடு வரையுங்கள். ஹால்-பெட்ச் கோடு என்பது இதுதான். தகைவை மெகாபாஸ்கலிலும் அளவை மைக்ரானிலும் எடுத்து, சாய்வு 280 என்று வைத்துக்கொண்டால், 64 மைக்ரானிலிருந்து 16-க்கு வரும்போது தகைவு 35 மெகாபாஸ்கல் உயரும். 16-இலிருந்து 4-க்கு வரும்போது 70 உயரும். அலகை மீட்டருக்கு மாற்றினால் அதே சாய்வு 0.28 ஆகும். இதைக் கவனிக்காமல் ஆயிரம் மடங்கு பிழையோடு ஒப்பிட்டவர்கள் உண்டு.

இழுவைக்கு ஒரு கோடு, அமுக்கத்துக்கு ஒரு கோடு என்று தனித்தனியே வரையுங்கள். ஒன்று வழுக்கலின் கோடு, மற்றது ட்வினின் கோடு, சாய்வுகள் வெவ்வேறு. 5 முதல் 60 மைக்ரான் வரை அளந்துவிட்டு, அதே கோட்டை அரை மைக்ரானுக்கு நீட்டி எண் சொல்லக் கூடாது. அங்கே வழிமுறை மாறிவிடுகிறது. மணி எல்லைகளே சறுக்கத் தொடங்கவும் கூடும்.

புள்ளிகள் நேர்கோட்டில் விழவில்லை என்றால் அளவீட்டைக் குறை சொல்வதற்கு முன் திசைப்போக்கைச் சோதியுங்கள். காய்ச்சும்போது மணி மட்டும் வளர்வதில்லை. சில திசைகளில் நிற்கும் மணிகள் மற்றவற்றை விழுங்கி வளர்வதால் திசைப்போக்கும் சற்று நகரலாம். மிகச் சிறிய மணித் துண்டிலும் மிகப் பெரிய மணித் துண்டிலும் எக்ஸ்-கதிர் முறையிலாவது ஒருமுறை அளந்து, இரண்டும் ஒத்திருப்பதைக் காட்டினால்தான் உங்கள் கோடு மணி அளவின் கோடு ஆகும்.

10. இடையில் நிறுத்திப் பார்த்தல்

ஒவ்வொரு மணி அளவிலும் கூடுதல் துண்டுகளை எடுத்து 1, 2, 4, 6 விழுக்காட்டுத் திரிபில் நிறுத்தி, நடுவே பிளந்து, ஐந்தாம் பகுதியில் சொன்னபடி மெருகேற்றிப் பாருங்கள். பெருமணிக்குள் பல ட்வின்கள் ஒன்றையொன்று வெட்டி நிற்கும். நுண்மணிக்குள் ஒன்றோ இரண்டோ, அல்லது ஒன்றுமே இருக்காது. சுமையை எடுத்தவுடன் ட்வின்களில் ஒரு பங்கு தானாகவே சுருங்கிக்கொள்ளும் என்பதால், நீங்கள் எண்ணுவது சுமையில் இருந்ததைவிடச் சற்றுக் குறைவு.

6 விழுக்காட்டில் நிறுத்திய துண்டில் ஒரு கண்ணி காத்திருக்கிறது. ட்வின் மணியை முழுவதும் விழுங்கிய இடத்தில் எல்லைக் கோடுகளே மறைந்துவிடுவதால், அந்த மணி ட்வின் இல்லாத சுத்தமான மணிபோல் தோன்றும். எலக்ட்ரான் பின்சிதறல் முறையில் திசையை அளந்தால்தான் அது முழுவதும் திரும்பிய மணி என்று தெரியும். அந்த வசதி இல்லாதவர்கள் 2 விழுக்காட்டுத் துண்டின் எண்ணிக்கையை மட்டும் நம்பி, 6 விழுக்காட்டுப் படத்திலிருந்து ட்வின் பங்கு எதையும் கணக்கிடாமல் விட்டுவிட வேண்டும்.